பதினோரு கார்கள்

முதலாளி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார். டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிகளை விற்றே பெரிய ஆளானவர். அதே விளையாட்டை வேறு வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஆன்லைனில் சேர்ந்து விளையாட வருவார்களா என்பதில்தான் அவருக்குச் சந்தேகம். மூன்று மாதம் நடத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார். ஆள் வந்தால் ஆன்லைன் பிரிவு நடக்கும், வராவிட்டால் இன்றே இழுத்து மூடிவிடுவார்.

பிரிவின் தலைவிக்குத் தன்னைப் பற்றிக் கவலை இல்லை. அவளுக்கு வேறு வேலை கிடைக்கும். சர்வரைக் கவனிக்கும் மாமாவுக்கு? அக்கா வீட்டுக்காரர், இவள் பேச்சைக் கேட்டு நிரந்தர வேலையை உதறிவிட்டு வந்த மனுஷன். மூடிவிட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

"பயப்படாதம்மா. கூட்டத்தப் பாத்தா மனுஷன் வாயே திறக்க மாட்டார்," என்றார் மாமா.

சுவர் டிவியில் கார்ப் பந்தயம் அமர்க்களமாக ஓடிக்கொண்டிருந்தது. முதல் வாரம் இதே பாதை ஈயாடிக் கிடந்தது. "காலிக் கடைக்குள்ள எவன் நுழைவான்? நீங்க மட்டும் ரெண்டு நாள் வேற பேர்ல ஓட்டுங்க மாமா," என்று அவள்தான் கெஞ்சினாள். காதும் காதும் வைத்தாற்போல் நடந்த விஷயம். அப்புறம் மளமளவென்று ஆள் சேர்ந்தது. இன்று மாமா இங்கே நிற்கிறார், அப்படியும் பதினோரு கார்கள். அந்தத் தைரியத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே. ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிடும்மா. நாலு வார்த்தை பாராட்டிட்டுப் போறேன்."

கணக்குக்காரர் கதவைத் திறந்து வந்தார். திரையில் சிவப்புக் கார் நின்றிருந்தது. வரவேற்பு மேசைப் பெண் வந்தாள். மஞ்சள் கார் நின்றது. விளம்பரக்காரர்கள் இருவரும் சேர்ந்து நுழைந்தபோது இரண்டு கார்கள் சேர்ந்து நின்றன. அவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கணக்குக்காரர்கிட்ட மட்டும்தாம்மா சொன்னேன். மூச்சு விடாதீங்கன்னுகூடச் சொன்னேன்," என்று மாமா முணுமுணுத்தார்.

கணக்குக்காரர் வரவேற்புப் பெண்ணிடம் மட்டும் சொன்னார். அவள் இன்னொருத்தரிடம் மட்டும். சோதனைக்கென்று மேசைக்கு மேசை ஒரு கேம் பெட்டி இருக்கிறதே, போதாதா! தங்களில் ஓரிருவர்தான் போலி, மற்றவர்கள் எல்லாம் வாடிக்கையாளர்கள் என்று நம்பி ஆளாளுக்கு வேறு பேரில் ஓட்டியிருக்கிறார்கள், பந்தயத்துக்கு நடுவே எழுதி அரட்டையும் அடித்திருக்கிறார்கள், பாவிகள்.

ஒரே ஒரு நீலக் கார் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "என்னப்பா, எல்லாரும் நின்னுட்டீங்க? தனியா ஓட்டவா இங்க வரேன்? வாங்க, வாங்க."

முதலாளி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "இது யாரு? இதுவும் நம்ம ஆளா?"

"சர்வர் கோளாறுல மத்த காரெல்லாம் நின்னுடுச்சுன்னு சொல்லிடு," என்று மாமா காதோரம் சொன்னார். சொல்லிவிடலாம். இன்னும் ஒரு மாதம் கிடைக்கும். ஆனால் பொய்க்கு மேல் பொய் அடுக்க அவளால் முடியவில்லை.

"இல்ல சார். நமக்குன்னு வந்தது இவங்க ஒருத்தர்தான். மத்ததெல்லாம் நாங்க."

டிவியோடு இணைத்த மைக் திறந்தே கிடந்தது யாருக்கும் உறைக்கவில்லை.

"அப்ப இத்தனை நாள் என்கூடப் பேசினவங்க எல்லாம்?" என்றது அந்தக் குரல்.

முதலாளி எழுந்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். வரவேற்பு மேசைப் பெண் மட்டும் ஓடிவந்து திரைக்கு எதிரே நின்றாள். "அக்கா, மஞ்சள் கார் நான்தான். நான் பேசினது எல்லாம் நிஜம்தான்க்கா," என்றாள்.

அதற்குள் நீலக் காரும் பந்தயத்தை விட்டுப் போயிருந்தது.