உடைந்த கதவு பற்றி ஒரு கூடுதல் அறிக்கை

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அதை எழுதியது நான். ஓர் ஆய்வக அறிக்கையின் கடைசி வரியாக, யோசிக்காமல், கைப்பழக்கத்தில் எழுதினேன். அதை வைத்து ஒரு மனிதரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் வரைவில் 'நான்' என்றுதான் எழுதினேன். இரண்டு பக்கம் போவதற்குள் முகம் சூடாகிவிட்டது. ஆகவே இனி 'அவள்'. அவள் இயற்பியல் படித்தவள். பொருள்கள் ஏன் உடைந்தன என்று பார்த்துச் சொல்லும் ஆய்வகத்தில் வேலை. நான்கு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். (இது கதைக்குத் தேவை. அதனால் சொல்கிறேன்.)

2

தொடக்கங்கள்:

கதவு தானாக உடைந்தது.

[இப்படித் தொடங்கினால் வழக்கே இல்லை. கதையும் இல்லை.]

கையில் சுத்தியலோடு அவர் கடை வாசலில் நின்ற அந்தக் காலையில், வானம்

[வானம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. சுத்தியல் கையில் இல்லை, பையில் இருந்தது.]

சரி, நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர்தான். ஜன்னல், கதவு, தடுப்பு எல்லாம் மாட்டுவார். ஒரு செருப்புக் கடைக்கு நான்கு வருடத்துக்கு முன் கண்ணாடிக் கதவு மாட்டினார். கீல் தளர்ந்து கதவு தரையில் உரச ஆரம்பித்தது. சரிசெய்தார். மறுபடி உரசியது. மூன்றாம் முறை வந்தபோது, வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து செருப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி கத்தினார்.

"உனக்கெல்லாம் எவன்யா வேலை கத்துக் கொடுத்தான்?"

"நீங்க இந்த அடி அடிச்சுச் சாத்தினா எந்தக் கீல் தாங்கும்? ஒருநாள் மொத்தமா கொட்டத்தான் போகுது, பாத்துக்கிட்டே இருங்க!"

இதை ஏழு பேர் கேட்டார்கள். மறுநாள் காலை, பாக்கி வேலையை முடிக்க அவர் திரும்பி வந்தார். கடையில் வேலை செய்யும் பெண் மாடியில் பெட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கதவு மொத்தமாகக் கொட்டியது. சத்தத்தை அவள் பெட்டி சரிந்த சத்தம் என்று நினைத்தாள். முதலாளி வந்தபோது கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. கண்ணாடிக்காரர் துடைப்பத்தோடு நின்றார். துண்டுகளை அள்ளித் தெருவில் வந்த குப்பை வண்டியில் போட்டிருந்தார். கடைசி ஒரு பைதான் மிச்சம்.

ஆத்திரத்தில் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு. சிறைக்கெல்லாம் போக வேண்டியதில்லை. ஆனால் பெயருக்கு எதிரே குற்றம் என்று ஏறிவிட்டால் பள்ளிக்கூடம், மருத்துவமனை, அலுவலகம் எதற்குள்ளும் வேலைக்கு விடமாட்டார்கள். அவருடைய வேலையில் முக்கால்வாசி அங்கேதான்.

3

எனக்கு அவரைப் பிடித்துப்போனது நீதிமன்றத்தில், இந்த இடத்தில்:

"தப்பே பண்ணாதவர் எதுக்குங்க தடயத்தைப் பெருக்கி வண்டியில ஏத்தணும்?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"காலுல குத்துமேங்க."

"யார் காலுல?"

"வர்றவங்க காலுல. செருப்புக் கடைங்க அது. எல்லாரும் வெறுங்காலோடதானே நடப்பாங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடி உடைந்தால் முதலில் பெருக்கு, பிறகு மற்றது என்பது அவர் தொழிலில் முதல் நாள் பாடம். அந்தப் பாடம் அவரைக் காப்பாற்றக்கூடிய துண்டுகளைக் குப்பையில் போட்டது.

4

அந்த ஒரு பையைத்தான் வக்கீலக்கா அவளிடம் கொண்டுவந்தாள். கண்ணாடிக்காரரின் வக்கீல். எல்லோருக்கும் அக்கா.

"சுத்தியல்ல அடிச்சாத்தான் உடையுமாம்மா இது?"

"இல்லக்கா. டஃபன்ட் கண்ணாடி, அதான் சூடாக்கிக் கெட்டியாக்கினது, சிலசமயம் தானாவே உடையும். செய்யும்போதே உள்ள ஒரு துகள் மாட்டிக்கும். உப்புக் கல்லைவிடச் சின்னது. அது வருஷக்கணக்கா மெதுவா பெருத்துக்கிட்டே இருக்கும். ஒருநாள் போதும்னு ஆயிடும்."

"மனுஷங்க மாதிரியேதான்" என்றாள் வக்கீலக்கா.

உடைப்பு தொடங்கிய இடத்தில் இரண்டு துண்டுகள் பட்டாம்பூச்சியின் இறக்கை போலச் சேர்ந்திருக்கும். நடுவில் அந்தத் துகள் இருக்கும். அந்த இரண்டும் கிடைத்தால் வழக்கு முடிந்தது. அவள் மூன்று நாள் இடுக்கியோடு உட்கார்ந்தாள். பையில் இருந்தது கதவில் கால் பங்கு. இறக்கைகள் அதில் இல்லை. ஆனால் சுத்தியல் பட்ட தடமும் ஒன்றிலும் இல்லை.

[மூன்றாம் நாள் அவள் அழுதாள் என்று ஒரு வரி இருந்தது. அழவில்லை. கழுத்து வலித்தது. அவ்வளவுதான்.]

பிறகு அறிக்கை எழுதினாள். 'கிடைத்த துண்டுகளில் அடிபட்ட தடம் காணப்படவில்லை. எனினும் வெளியிலிருந்து விழுந்த அடியால் கதவு உடைந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது.'

இரண்டாவது வாக்கியம்தான் அது. அவர்கள் ஆய்வகத்திலிருந்து போகும் எல்லா அறிக்கையும், பீங்கான் குழாயோ இரும்புக் கம்பியோ, இப்படி ஒரு வரியோடுதான் முடியும். சேர்ந்த புதிதில் பெரியவர், அதாவது ஆய்வகத் தலைவர், சொல்லிக் கொடுத்தது: "நாளைக்கு யாரும் வந்து நம்ம சட்டையைப் பிடிக்கக் கூடாது பாரு."

5

சாட்சிக் கூண்டில் அவள் நின்றது ஆறு நிமிடம். கேட்டது அரசு வக்கீல்.

"மறுக்க முடியாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா, ஆனா அது வந்து…"

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

"அவ்வளவுதான். நீங்க போகலாம்."

விண்கல் விழுந்து உடைந்திருக்கலாம் என்பதையும்தான் மறுக்க முடியாது. யானை இடித்திருக்கலாம் என்பதையும்தான். இந்தப் பதில் அவளுக்கு மறுநாள் பல் துலக்கும்போது வந்தது. (இந்தக் கதையில் அதைக் கூண்டிலேயே சொல்ல வைத்துவிடலாம் என்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நீதிபதிகூட முன்னால் சாய்ந்து கேட்டார். கிழித்துப் போட்டேன்.)

6

அடுத்ததை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன்.

தீர்ப்புக்கு முன்பு, நீதிமன்ற நடைக்கூடத்தில், குடிநீர்க் குழாய் பக்கத்தில் கண்ணாடிக்காரர் நின்றிருந்தார். கூடவே அவர் மனைவி. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, அறிக்கையை விடுங்க. நீங்க என்ன நெனைக்கறீங்க? நான் உடைச்சிருப்பேனா?"

அவளுக்குத் தெரியும், அவர் உடைக்கவில்லை. மூன்று நாள் அந்தத் துண்டுகளோடு இருந்தவளுக்குத் தெரியும்.

"அதை எங்களால உறுதியா சொல்ல முடியாதுங்க" என்றாள்.

அவர் தலையாட்டினார். "சரிங்கம்மா. உங்க வேலை அப்படி." பக்கத்தில் நின்ற மனைவி குழாயைத் திறந்தாள். காகிதக் குவளையில் தண்ணீர் பிடித்து, அவளிடம் கொடுத்தாள். "வெயில்ல வந்திருப்பீங்க, குடிங்க."

குடித்தாள்.

7

ஒருவேளை அவரே உடைத்திருந்தால்?

ஒரு வரைவில் அப்படியும் எழுதினேன். அது எனக்கு வசதி; என் வாக்கியம் சரியாகிவிடும். அவர் பையைத் திறக்கிறார், சுத்தியலை எடுக்கிறார், ஓங்கு

[மேலே போகவில்லை. முப்பது வருடம் கண்ணாடியோடு புழங்கியவர் டஃபன்ட் கதவுக்கு நேர் எதிரே, அரைக்கைச் சட்டையோடு நின்று அடிக்க மாட்டார். அன்று அவர் இரண்டு முழங்கைக்குக் கீழும் சிராய்ப்பு. உடையும் என்று தெரியாதவர் நின்ற இடம் அது. இதை அவள் கவனித்திருந்தாள். கண்ணாடியைத்தான் பார்க்கச் சொன்னார்கள், கையை அல்ல என்று எழுதாமல் விட்டாள்.]

முதலாளியைக் கெட்டவராக்கவும் முயன்றேன். அவரும் ஒத்துவரவில்லை. துடைப்பத்தோடு ஒருவர் நிற்பதைப் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார். பார்த்ததைச் சொல்ல அவராலாவது முடிந்தது.

8

தீர்ப்பு வந்து மூன்று வாரம் ஆகிறது. போன வியாழக்கிழமை வக்கீலக்கா வந்தாள்.

"மேல்முறையீட்டுக்குத் திங்கக்கிழமை கடைசி. ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடும்மா. அந்தக் கடைசி வரி எல்லா அறிக்கையிலயும் வர்ற வரி, இந்தக் கதவைப் பாத்து எழுதினது இல்லைன்னு."

"அக்கா, அப்படிச் சொன்னா இதுவரைக்கும் போன அறிக்கையெல்லாம்…"

"ஆமா. அதுங்களும் ஆடிப்போகும். எனக்குத் தெரியாதா?"

பெரியவருக்கு விஷயம் போய்விட்டது. அவர் கத்தவில்லை. "நல்லா எழுதிக் கொடும்மா. அப்படியே ராஜினாமாவையும் எழுதிடு. ஒரே பேனாதானே" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை வெள்ளைத் தாளை எடுத்து வைத்து அவள் உட்கார்ந்தாள். அந்தத் தாளில் எழுத ஆரம்பித்ததுதான், நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது.

9

முடிவுகள்:

அ. அவள் எழுதிக் கொடுக்கிறாள். மேல்முறையீட்டில் அவர் விடுதலை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஜன்னல் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவளைப் பார்த்துக் கையசைக்கிறார். [எனக்கே கூச்சமாக இருக்கிறது.]

ஆ. அவள் எழுதிக் கொடுக்கிறாள். நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலையும் போய்விட்டது.

இ. அவள் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கதை எழுதுகிறாள். கதை நன்றாக வருகிறது.

இதில் மூன்றாவதுதான் என்னை உலுக்குகிறது. ஏனென்றால் கதை நன்றாகத்தான் வந்துகொண்டிருக்கிறது.

10

உங்களிடம் கேட்கிறேன். அவர் கதவை உடைத்தாரா?

இல்லை என்கிறீர்கள். உடனே சொல்லிவிட்டீர்கள். நீங்கள் அந்தத் துண்டுகளில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளை பத்து மணிக்கு வக்கீலக்காவின் அலுவலகம் திறக்கும். ஆய்வகத்துக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும், அங்கே போக வலப்பக்கம். அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று இங்கே எழுத மாட்டேன்.

எழுதிவிட்டால், நான் போய் வந்த மாதிரி ஆகிவிடும்.