கைராசி ஏணி

பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வகத்துக்குப் பொன்விழா வந்தது. விழா என்றால் மலர் வேண்டும், மலர் என்றால் வரலாறு வேண்டும். அதை எழுதும் வேலை, வேலையில்லாத ஆயிரம் பேரை விட்டுவிட்டு, ஆய்வகத்தின் பொறுப்பாளர் தலையில் வந்து விழுந்தது. அவளை எல்லாரும் இருட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடத்தின் நிலவறையில், விளக்கை அணைத்துவிட்டு, பச்சையாக ஒளிரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே பாதி வயதைக் கழித்தவள். வெளிச்சத்துக்கு வந்தால் கண்ணைச் சுருக்குவாள். புதிதாகப் பார்ப்பவர்கள் கோபக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். அது பாதி உண்மை.

அந்த ஆய்வகத்தின் வரலாறு சுவரை இடிப்பதில் தொடங்குகிறது. நுண்ணோக்கி வந்து இறங்கிய அன்றுதான் கதவு சிறியது என்று எல்லாருக்கும் தெரிந்தது. சுவரை இடித்து இயந்திரத்தை உள்ளே தள்ளி, சுவரைப் பூசி, வெள்ளையும் அடித்து முடித்த பிறகு, குளிர்நீர்க் குழாய் சுவருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. மறுபடி இடித்தார்கள். அப்புறம் லிஃப்ட் ஓடினால் திரையில் படமும் கூடவே ஓடியது. படம் எடுக்கும் நேரத்தில் மாடிக்காரர்கள் எல்லாரும் படியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்று மூச்சிரைத்தவர்கள் ஓய்வு பெற்றும் அந்த ஆய்வகத்தை மன்னிக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் மறக்கடிக்க ஒன்று கிடைத்தது. முதல் பேராசிரியர் ஓர் இலையின் செல்லுக்குள் ஏணி ஒன்றைக் கண்டுபிடித்தார். படிப்படியாக, சம இடைவெளியில், அழகான கோடுகள். பக்கத்துக் கம்பங்கள் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, "அது ரொம்ப மெல்லிசு, தெரியாது" என்றார். ஏணி உலக இதழ்களில் வந்தது. ஆய்வகத்தின் சின்னமானது. வாசலில் இரும்பாலும் டீக் கோப்பைகளில் நீலத்தாலும் ஏறியது. பேராசிரியரே ஏணி சார் ஆகிவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். வேறு எந்த ஊர் ஆய்வகத்திலும் அந்த ஏணி தெரியவில்லை. "அவங்களுக்கு வெட்டத் தெரியல" என்று ஏணி சார் சொல்லிவிட்டார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. இலைத் துணுக்கைப் பிசினில் ஊறவைத்துக் கல்லாக இறுக்கி, அந்தக் கட்டியைக் கண்ணாடிக் கத்தியில் சீவ வேண்டும். தலைமுடியின் தடிமனை ஆயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் சீவலின் கனம். பக்கத்தில் யாராவது தும்மினால் போயிற்று. அந்த வேலைக்கென்று ஆய்வகத்தில் ஒருவர் இருந்தார். அவர் சீவினால் ஏணி தெரியும், மற்றவர் சீவினால் தெரியாது. அதனால் அவருக்குப் பெயரே கைராசிக்காரர். அவர் ஓய்வு பெற்றபோது ஏணியும் ஓய்வு பெற்றுவிட்டது.

கைராசிக்காரர் இருட்டக்காவின் மாமனார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீவலை ஏந்தும் பொட்டளவு செப்புச் சல்லடையை அவள் இடுக்கியில் நடுங்காமல் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய், "நம்ம பையனுக்குப் பொண்ணு பார்த்துட்டேன்" என்று சொன்னவர். பையனுக்குக் காப்பிக் கோப்பையைக்கூட நடுங்காமல் பிடிக்க வராது. அது வேறு கதை.

துணைவேந்தர் வரலாற்றைப் படிக்கிற ஆள் இல்லை. "விழா அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அந்த ஏணியக் காட்டுங்க. காட்டினா புது நுண்ணோக்கிக்குக் கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா பழைய நாற்காலி போட இடமில்லாம தவிக்கிறோம், அந்த ரூமைக் குடுத்துடுங்க" என்றார். ஏணி சார் உடனே கைராசிக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். மனிதர் அன்றிலிருந்து வீட்டில் கத்தரிக்காயைக்கூட யாரையும் வெட்ட விடவில்லை. கை பழகவேண்டுமாம்.

வினை, மலர் அட்டையில் வந்தது. அட்டைக்குப் பெரிய படம் வேண்டும் என்று இருட்டக்கா பழைய கண்ணாடி நெகடிவைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இத்தனை காலமும் அச்சில் வந்தது செல்லின் ஓரத்தோடு நறுக்கிய படம். முழு நெகடிவில் செல் முடிந்த பிறகும் ஏணி முடியவில்லை. செல்லைத் தாண்டி, இலையையே தாண்டி, வெறும் பிசினுக்குள் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிசினுக்கு ஏது உறுப்பு? அது சீவும்போது விழுந்த நடுக்கம். எதனால் நடுங்கியது என்பதுதான் தெரியவில்லை.

அதுவும் அன்று வீட்டிலேயே தெரிந்துவிட்டது. மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விழாவுக்கு எந்தச் சட்டை போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார். இருட்டக்காவின் முன்னால் இருந்த டம்ளர் தண்ணீரில் சின்னச் சின்ன அலைகள், சம இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"காலை ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் அத்தை. "குடும்பம் ஆடிப் போயிடும்."

"நான் எங்க ஆட்டறேன்?" என்றார் மாமா, ஆட்டிக்கொண்டே. கவனம் ஒன்றில் குவிந்துவிட்டால் அவருடைய வலது கால் தன் பாட்டுக்கு ஆடத் தொடங்கிவிடும். அத்தைக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதே சண்டை. இருட்டக்கா கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைராசியா இது? கால்ராசி!

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உண்மையைச் சொன்னால் ஆய்வகம் நாற்காலிக் கிடங்கு ஆகும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். தெருவில் போகிற பழைய மாணவன் ஒருவன் "கைராசி சார்!" என்று கூப்பிட்டுவிட்டால், மாமா வீடு வரும்வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். அந்த ஒரு சொல்லில்தான் அவர் உயிரோடு இருந்தார். அதை எப்படிப் பிடுங்குவது? சொல்லாமல் விட்டால், தன் பெயரில் வரப்போகிற வரலாறு முதல் வரியிலிருந்து பொய். சொல்லலாம் என்று இரண்டு முறை மாமாவிடம் போனாள். இரண்டு முறையும் அவர் தன் விரல்களை நீட்டி, "பாரும்மா, கொஞ்சமாவது நடுங்குதா?" என்று கேட்டார். நடுங்கவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

"கவலைப்படாதேம்மா" என்றார் அத்தை, அவள் முகத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு. "பெரிய மனுஷங்க முன்னாடி மானம் போகாம நான் பார்த்துக்கறேன். பக்கத்துலயே உட்காருவேன்."

விழாவன்று ஆய்வகத்தின் முன்னறையில் மூச்சுவிட இடமில்லை. சீவும் இயந்திரத்தின் முன் மாமா, புதுச் சட்டையில். அவரை ஒட்டி ஸ்டூல் போட்டு அத்தை. மேசைக்கு அடியில் அத்தையின் கை மாமாவின் வலது முட்டியைக் குரங்குப்பிடியாகப் பிடித்திருந்தது. மாமா சீவினார். சீவல்கள் தண்ணீரில் வெள்ளிச் சரிகையாக மிதந்து வந்தன. அவற்றைச் சல்லடையில் ஏந்தி நுண்ணோக்கிக்குள் வைத்தாள் இருட்டக்கா. உள்ளே காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாகக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்துக்குத் துணைவேந்தர் பேசினார். வெற்றிடம் சீக்கிரமே நிறைவடைந்தது. பேச்சுதான் நிறைவடையவில்லை.

சுவரில் மாட்டிய பெரிய திரையில் படம் வந்தது. செல் வந்தது. செல்லுக்குள் இருக்கவேண்டிய அத்தனையும் இருந்தன. ஏணி இல்லை.

"ஃபோகஸ் பாரும்மா" என்றார் ஏணி சார்.

பார்த்தாள். இன்னும் தெளிவாக ஏணி இல்லை.

அறையில் ஒருவர் இருமினார். துணைவேந்தர் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், எத்தனை நாற்காலி கொள்ளும் என்று கணக்குப் போடுவதுபோல. மாமா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வயசாயிடுச்சு சார்" என்றார், ஏணி சாரைப் பார்க்காமல். "கை போயிடுச்சு. மன்னிச்சுக்குங்க."

அந்தக் குரலை இருட்டக்காவால் தாங்க முடியவில்லை. "அத்தை, மாமா காலை விடுங்க" என்றாள்.

"என்னது?"

"விடுங்க அத்தை. மாமா, இன்னொரு தடவை சீவுங்க. எதையும் யோசிக்காதீங்க."

அத்தை கையை எடுத்தார். மாமா சீவினார், கண் கத்தியில் குவிந்தது, கால் தன் வேலையைத் தொடங்கியது. மீண்டும் வெற்றிடம், மீண்டும் துணைவேந்தர். திரையில் படம் வந்ததும் அறையே கைதட்டியது. ஏணி! படிப்படியாக, சம இடைவெளியில், வாசலில் இருப்பதுபோலவே. ஏணி சார் கண்ணைத் துடைத்தார். துணைவேந்தர் பேனாவைத் திறந்தே விட்டார். மாமாவின் முகத்தில் பத்து வயது குறைந்தது.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேன், நீங்களும்தான். இருட்டக்காவின் கை திருகுக் குமிழில் இருந்தது. இந்தக் கையைப் பார்த்துத்தானே மாமா நம்மைப் பெண் பார்த்தார் என்று ஏனோ தோன்றியது. குமிழைத் திருப்பினாள். திரையில் செல் நகர்ந்து ஓரம் வந்தது, ஓரமும் போய் வெறும் பிசின் வந்தது. அங்கேயும் ஏணி.

ஒவ்வொருவராகக் கைதட்டலை நிறுத்தினார்கள்.

"ஏணி இலையில இல்ல சார்" என்றாள். "மாமா கவனமா இருக்கும்போது காலை ஆட்டுவார். மேசை அதிருது, கத்தி அதிருது. அதோட கோடுதான் இது."

ஏணி சார் முட்டி வலியோடு மெல்லக் குனிந்து, மேசைக்கு அடியில் தலையை நீட்டி, மாமாவின் காலைப் பார்த்தார். அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளிருந்தே குரல் வந்தது. "அம்மா, மறுபடி பிடிங்க."

அத்தை பிடித்தார். சீவினார்கள், ஏணி இல்லை. விட்டார். சீவினார்கள், ஏணி. மறுபடியும் பிடிக்கச் சொன்னார். விருந்தினர்களில் பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். ஏணி சாருக்கு அது தெரியவே இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வருடத்து ஆளாக மாறியிருந்தார்.

"அப்போ ஏணியே இல்லையா?" என்றார் துணைவேந்தர், பேனாவை மூடிக்கொண்டே.

"இருக்கு சார். செல்லுக்குள்ள இல்ல, மேசைக்கு அடியில இருக்கு" என்றாள் இருட்டக்கா.

"வாசல்ல இரும்புல வெச்சிருக்கீங்களே?"

"வெள்ளையடிக்க உதவும்" என்றார் ஏணி சார்.

புது நுண்ணோக்கிக்குக் கையெழுத்து விழவில்லை. அறை தப்பியது, அதுவும் ஒரு கூத்து. அந்தப் பழைய இயந்திரத்தை வெளியே எடுக்க மறுபடி சுவரை இடிக்கவேண்டும் என்று பொறியாளர் சொன்னார். வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். போனால் போகிறதென்று அதிராத கருங்கல் மேசை ஒன்றுக்கு மட்டும் அனுமதி வந்தது.

வீட்டில்தான் நிலைமை மோசம். மாமா இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, நட்டுவைத்த கம்பம்போல உட்கார்ந்திருந்தார். சாப்பிடும்போதும் ஆட்டவில்லை, பேப்பர் படிக்கும்போதும் ஆட்டவில்லை. தெருப்பக்கம் போவதையே விட்டுவிட்டார். டம்ளர்களில் தண்ணீர் அசையாமல் நின்றது. அத்தைக்குத் திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் வாய் வறண்டது. இருட்டக்காவுக்கு அந்தக் காலைப் பார்க்கவே முடியவில்லை. தான் செய்தது சரிதான். சரி என்பதால் வலி குறைந்துவிடுமா?

மலர் அச்சுக்குப் போவதற்கு முன்தினம், காலைச் சாப்பாட்டின்போது மாமாவே கேட்டார். "என்னைப் பத்தி என்னம்மா எழுதினே? கோமாளின்னா?"

அவள் தாளை எடுத்துப் படித்தாள். "'ஏணி என்பது எங்கள் தவறு. மேசை அதிர்ந்ததை அத்தனை வருடம் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் பொன்விழா அன்று அவர் முதலில் வெட்டிய சீவலில் ஒரு கீறல் இல்லை, ஒரு கோடு இல்லை. இந்த ஆய்வகத்தில் இதுவரை வெட்டியவற்றில் அதுவே மிகச் சிறந்தது. மலரின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான்.'"

மாமா தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். "நிஜமாவா? என்னைச் சமாதானப்படுத்த எழுதலையே?"

"நான் பொய் எழுதறவளா மாமா? எல்லார் முன்னாடியும் பார்த்தீங்களே."

"அப்போ கை..."

"கை சுத்தம் மாமா. கால்தான் தகராறு."

அத்தை கரண்டியை மேசைமேல் வைத்தார். "இரு இரு" என்றார். "அந்த முதல் சீவல் வெட்டும்போது முட்டியப் பிடிச்சிட்டிருந்தது யாரு?"

"நீங்கதான் அத்தை."

"அப்போ கைராசி யாரோடது? அதைச் சரியா எழுது."

மாமாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. இருமி, கண்ணில் நீர் வந்து, தாளை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரிக்கு வந்தபோது மேசைமேல் கரண்டி மெல்லக் கிணுகிணுத்தது. இருட்டக்கா அத்தையைப் பார்த்தாள். அத்தையின் கை பழக்கதோஷத்தில் மாமாவின் முட்டிவரை போனது. போய், அங்கே தொடாமல் திரும்பி வந்து, தண்ணீர் டம்ளரை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தது.