கயிற்றின் மறுமுனை

எங்கள் வத்தல் குடோனில் இரண்டு முறை மூட்டை திருட்டுப் போன பிறகு, என் வீட்டுக்காரர் மொட்டைமாடியில் கேமரா வைத்தார். வைத்த இடத்தில்தான் அவருடைய புத்தி தெரிந்தது. கொடைக்கானல் டிவி நிலையம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று ஒரு காலத்தில் ஆன்டெனாவுக்காக நிறுத்திய இருபதடி இரும்புக் குழாய் சும்மாதானே நிற்கிறது என்று, அதன் உச்சியிலேயே மாட்டச் சொல்லிவிட்டார். கோவில்பட்டியின் ஆடிக் காற்றைக் கேட்கவா வேண்டும். டிவியில் தெருவே ஊஞ்சலாடியது. திருடன் முகம் தெரிவதற்குள் நமக்குத் தலைசுற்றிவிடும்.

கேமரா மாட்டிய ஜெஸ்டின் திரும்ப வந்து பார்த்தான்.

"உயரந்தான் கோளாறு அண்ணாச்சி. படுக்கப் போட்டு, பாதியா அறுத்து, மூணு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுனா அசையாது."

கிழக்குக் கைப்பிடிச்சுவரை ஒட்டி மின்கம்பி போகிறது. அதனால் கரண்ட் போகட்டும் என்று காத்திருந்தோம். அந்த வருஷம் தினமும் மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் கிடையாது. சாப்பிட்டு எழுந்ததும் போனது.

"இனி பயமில்ல அக்கா. இப்ப அது வெறும் கொடிக்கம்பிதான்" என்று சொல்லிக்கொண்டே ஜெஸ்டின் கிளாம்புகளைக் கழற்றினான்.

நானும் அவனும் குழாயின் அடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். உச்சியில் கட்டிய கயிற்றை இவர் மேற்கே நின்று இழுத்துப் பிடித்தார். காற்று மேற்கிலிருந்து தள்ளியது. குழாய் மின்கம்பியில் சாயாமல் நின்றது அந்தக் கயிற்றால்தான்.

அப்போது தெருவில் பிள்ளைகள் கத்தினார்கள். "ஏ, கரண்ட் வந்துட்டு, கரண்ட் வந்துட்டு."

மற்ற நாளில் காது குளிரும் சத்தம். அன்று நான் நிமிர்ந்து மின்கம்பியைப் பார்த்தேன். அன்று ஒண்ணாம் தேதி. மாசம் பிறந்தால் கரண்டை நிறுத்தும் நேரம் மாறும். முதலில் போனது ஏதோ சின்னத் தடங்கல். அது எங்கள் மூவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

"அக்கா, கையை எடுத்துராதீங்க" என்றான் ஜெஸ்டின். அவன் குரலே மாறியிருந்தது. "அண்ணாச்சி, மெள்ள உங்க பக்கமா இழுங்க."

இவர் இழுக்கவில்லை. கண் மாடிப்படிப் பக்கம் போனது. கயிறு தொய்ந்தது. குழாய் கிழக்கே ஒரு முழம் சாய்ந்தது. கம்பி ரீங்கரிப்பது எனக்குக் கேட்டது. அல்லது பயத்தில் அப்படித் தோன்றியது.

"என்னங்க, இழுங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை.

"ஏலே வேல்சாமி, இழுலே."

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை நான் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வேன்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலை ஊன்றி இழுத்தார். குழாய் நிமிர்ந்து, மேற்கே சரிந்து, மெல்ல மெல்லத் தளத்தில் படுத்தது.

ஜெஸ்டின் சிலுவைக்குறி போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். இவர் கயிற்றை இன்னும் விடவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.

"பேரைச் சொல்லிட்டேன்னு கோவமா?"

"இல்ல சுகுணா." அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ கூப்பிடலேன்னா கயித்தை விட்டுட்டு ஓடியிருப்பேன்."

குழாயைக் கட்டிப் பிடித்திருந்தவள் நான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். நான் அவர் விரல்களை விட்டுவிட்டு, கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.