லிட்டர் எடை

வேலுத்தாய் வேதியியல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். முழுப் புத்தகத்தையும் ஒரு முறை படித்தால் ஒரு கோடு. 1983 ஆகஸ்டில் ஒன்பது கோடுகள் இருந்தன. பி.எஸ்சி.யில் மற்ற தாள்களெல்லாம் தேறியாயிற்று; இது மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. அக்டோபரில் வருவதுதான் பழைய பாடத்திட்டத்துக்குக் கடைசித் தேர்வு. அதிலும் போனால் புதுப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். பட்டம் எந்த வருடத்தில் கைக்கு வருமோ.

ஒன்பது தடவை படித்தும் ஏன் முப்பது மதிப்பெண்ணைத் தாண்ட முடியவில்லை? வருத்தத்தைவிட இந்தக் கேள்விதான் அவளை அதிகம் அரித்தது.

பகலில் அவளும் அண்ணன் மனைவி ஆயம்மாளும் போடி கடைவீதிக்குப் பின்னால் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கப் போவார்கள். ஆயம்மாளுக்கு அவளைவிட இரண்டு வயதுதான் கூட. கல்யாணத்துக்கு முன் குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டில் காய் எடுத்தவள்.

அன்று கடையில் எடை போடும் திருப்பதி, இரண்டு மூட்டைகளிலிருந்து அள்ளிய காயைத் தட்டுகளில் கொட்டினார்.

"எது ஒசத்தின்னு சொல்லு பாப்போம், காலேசுக்காரி."

வேலுத்தாய் பச்சை எடுப்பாக இருந்த இரண்டாவது தட்டைக் காட்டினாள். திருப்பதி முதல் தட்டுக் காயை லிட்டர் படியில் நிரப்பி, தலை தட்டி, தராசில் வைத்தார். நானூற்றுப் பத்து கிராம். அதே படியில் இரண்டாவது தட்டுக் காய் முந்நூற்று இருபதுதான் நின்றது.

"படி ஒண்ணுதானண்ணே, எடை மட்டும் எப்பிடிக் குறையுது?"

"ஒடச்சுப் பாரு."

முதல் காயில் கறுத்த விதைகள் இடைவெளியில்லாமல் அடைந்திருந்தன. இரண்டாவதில் வெளிறிச் சூம்பிய விதைகள், மிச்சமெல்லாம் காற்று.

"பிஞ்சையும் சேத்து உருவியிருக்காக," என்றாள் ஆயம்மாள். "தோலு பச்சையாத்தான் நிக்கும். உள்ள சரக்கு இருக்காது. எங்க நாத்தனாரு படிப்பு கணக்கா."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். வேலுத்தாய் கோபிக்கவில்லை. உடைத்த காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒன்பது கோடுகளும் படியின் அளவு. எடையை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அம்மோனியா தயாரிக்கும் முறையை வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தாள். மனப்பாடம் என்று நினைத்த பாடம். நாலு வரியோடு கை நின்றுவிட்டது. புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டாள். பதினோரு குறிப்பில் நாலுதான் வந்திருந்தது. படிக்கும்போது அடுத்த வரியைப் புத்தகமே எடுத்துக் கொடுத்திருக்கிறது. கண்ணுக்குப் பழகியதை அவள் தெரிந்ததாக எண்ணிவிட்டாள். தாளின் ஓரத்தில் 'நாலு' என்று எழுதியபோது அவளுக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. ஓட்டை எங்கே என்று இப்போதுதானே தெரிகிறது.

மறுநாள் எழுதினாள், பத்து வந்தது. ஒரு வாரம் கழித்து எழுதினாள், ஆறாகக் குறைந்திருந்தது.

"மதினி, பத்து வந்தது எப்பிடி ஆறாப் போச்சு?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆயம்மாள் நிமிரவில்லை. "எனக்கென்னா தெரியும்? எஸ்டேட்டுல நாங்க ஒரு தூருல முத்தின காய மட்டும் எடுத்துட்டுப் போயிருவோம். ஒரு மாசங் கழிச்சு அதே தூருக்குத் திரும்ப வருவோம். ஒரே நாள்ல மொட்டையடிச்சா பிஞ்சுதான் கெடைக்கும்."

பாடத்துக்கும் திரும்பி வர வேண்டுமோ? சோதித்துப் பார்த்தாள். ஒவ்வொரு கேள்வியையும் துண்டுச்சீட்டில் எழுதி இரண்டு பிஸ்கட் டப்பாக்களில் போட்டாள். பார்க்காமல் எழுத வந்தது அடுத்த வார டப்பாவுக்குப் போகும். வராதது நாளை டப்பாவுக்கு. முதலில் நாளை டப்பா மூடவே முடியாமல் பிதுங்கியது. செப்டம்பர் முடிவில் அதில் பதினேழு சீட்டுகள்தான் கிடந்தன.

தேர்வில் முதல் கேள்வியே தெரியவில்லை. போன தடவைகளில் முதல் கேள்வியோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, தெரிந்ததை எழுத நேரமில்லாமல் விழித்தவள் அவள். இந்தத் தடவை தாள் முழுவதையும் வாசித்து, முத்தினதை மட்டும் குறித்துக்கொண்டு அவற்றை எழுதினாள். அம்மோனியா கேள்வியில் ஒரு கிளைக்கேள்வி இருந்தது: வெப்பநிலையை ஏன் இன்னும் குறைப்பதில்லை? இடம் விட்டுத் தாண்டினாள்.

ஒரு மணி நேரம் போனது. வினைவேகம் பற்றி வேறொரு கேள்விக்கு எழுதிக்கொண்டிருந்தபோது விடை தானாக வந்து நின்றது. சூடு குறைந்தால் அம்மோனியா அதிகம் கிடைக்கும். ஆனால் வினை நகரவே நகராது. அதனால்தான் நடுவான ஒரு சூடு. வேலுத்தாய் விட்ட இடத்துக்குத் திரும்பி, நிதானமாக எழுதி முடித்தாள்.

தேர்வுக்கூட வாசலில் ஆயம்மாள் நின்றிருந்தாள். "என்னா புள்ள, தேறுமா?"

"அம்பத்திரண்டு வரும் மதினி. நாப்பது போதும்."

"அதுக்குள்ள திருத்திப்புட்டாகளா?"

"நானே எடை போட்டேன்."

"ஒன் தராச யூனிவர்சிட்டிக்காரன் ஒத்துக்கிருவானா? வெரசா வா, பஸ்சு போயிரும்."

டிசம்பரில் மதிப்பெண் பட்டியல் வந்தது. ஐம்பத்து நாலு. பட்டம் உறுதியானது. ஆயம்மாள் கடைவீதிக்குப் போய்க் கால் கிலோ மிக்சர் வாங்கி வந்தாள். திரும்பியபோது வேலுத்தாய் அக்டோபர் வினாத்தாளை விரித்து, ஒவ்வொரு கேள்வியாக விரல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்னா சோலி அதுல?"

"ரெண்டு மார்க்கு கூட வந்திருக்கு மதினி," என்றாள் அவள், மிக்சருக்குக் கை நீட்டாமல். "எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்குறேன்."