இரண்டு கூபே, இரண்டு சாலை

ஆறு மாதச் சோதனைக் காலம் அன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது. அதற்குள் இரண்டு கதவு கூபே கார் ஒன்றாவது புக்கிங் ஆகாவிட்டால் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று கார் ஷோரூம் மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். விற்பனைப் பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை.

மதியம் ஒரு பல் டாக்டர் கணவரோடு வந்தார். சரிந்த கூரையும் இரண்டே கதவுமாக நின்ற காரை ஆசையோடு சுற்றி வந்தார். பின்சீட்டுக்கு எப்படிப் போவது என்று கணவர் கேட்டார். முன்சீட்டின் தோளில் இருக்கும் பட்டையை இழுத்தால் போதும் என்று அவள் கையை நீட்டினாள். கை துழாவியது. பட்டையைக் காணோம்.

“அது எதிர்க்கடை கார்லம்மா. நேத்துதான் பார்த்தோம்,” என்றார் கணவர். “உங்களுக்குச் சம்பளம் இங்கயா, அங்கயா?”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஐந்து வருடம் எதிர்க்கடையில் கூபே விற்ற கை அது. ஆள் கட்சி மாறியும் கை மாறவில்லை. உள்ளதை ஒப்புக்கொண்டாள். கணவர் கிளம்பப் பார்த்தார். டாக்டர் நகரவில்லை.

“அப்ப ரெண்டும் உங்களுக்கு அத்துப்படி. எனக்கு எது சரிப்படும்? மழுப்பாம சொல்லுங்க.”

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தினசரி ஓட்டம், வழி எல்லாம் விசாரித்தாள். நாளெல்லாம் நோயாளிகள் வாய்மேல் குனிந்து தனக்கு முதுகு போய்விட்டது என்றார் டாக்டர்.

வாசலுக்கு இடப்பக்கம் வழுவழுவென்று நேர்சாலை. எதிர்க்கடைக்காரர்கள் தங்கள் காரின் பாய்ச்சலைக் காட்டுவது அங்கேதான். வலப்பக்கம் வளைவும் வேகத்தடையுமான சாலை. மெத்தென்று போகும் இந்தக் காருக்கு அதுதான் மேடை. ஒருவர் சாலையில் இன்னொருவர் வாடிக்கையாளரைக் கூட்டிப்போவதில்லை. எழுதாத சட்டம்.

“வேகத்துக்கு அது. முதுகுக்கு இது,” என்றாள். “என் வார்த்தைய நம்பாதீங்க. ரெண்டு காரையும் ரெண்டு ரோட்லயும் ஓட்டிப் பாருங்க.”

முதலில் இடப்பக்கம் திரும்பினார்கள். நேர்சாலையில் கார் கொஞ்சம் சோம்பல்தான் காட்டியது. கணவர் உச்சுக்கொட்டினார். பிறகு வளைவுச் சாலை. அங்கே வேகத்தடையில் ஏறி இறங்கியதே தெரியவில்லை.

திரும்பியதும் அவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். வந்த ஆளை நாமே அனுப்பி வைக்கிறோமா என்று மேனேஜர் குதித்தார். அவள் வாசலுக்குப் போய் நின்றாள். எதிரிலிருந்து சிவப்பு கூபே சீறிக்கொண்டு வந்து, தயங்கி, வளைவுச் சாலைப் பக்கம் திரும்புவதைப் பார்த்தாள்.

ஐந்தரைக்கு இருவரும் சாலையைக் கடந்து வந்தார்கள். டாக்டர் ஒரு கையை இடுப்பில் வைத்திருந்தார்.

“எனக்கென்னவோ அந்தக் கார்தான்,” என்றார் கணவர். “ஆனா முதுகு இவளோடது.”

“ஏழு வேகத்தடை. அந்தக் கார்ல ஏழையும் எண்ணிட்டேன்,” என்றார் டாக்டர். “சாம்பல் கலர் எப்ப வரும்?”

மூன்று வாரத்தில் என்றாள். புக்கிங் படிவத்தில் டாக்டர் பெயரை எழுதினாள். மேனேஜர் தானே நாற்காலி இழுத்துப் போட்டு அவர்களை உட்கார வைத்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து, திங்கட்கிழமை காலை சீக்கிரம் வரச் சொன்னார். எதிர்க்கடைக் காரைப் பற்றி மற்றவர்களுக்கும் அவள் வகுப்பெடுக்க வேண்டுமாம்.