கொண்டைக்கு இங்கிலீஷில் என்ன?

1

இந்தக் கதை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், லிங்கராஜ் ஒரு பன்னை வேண்டாம் என்று தள்ளிவைத்ததில் பிறந்தது. வேறு பெருமையான பிறப்பு எதுவும் இதற்கு இல்லை. காலையிலிருந்து சாப்பிடாத மனுஷன், "டீ மட்டும் போதும் அண்ணாச்சி, பன்னு நமக்கு ஆகாது" என்றார். சர்க்கரையா என்று கேட்டேன். இல்லையாம். ஒரு வார்த்தையாம். வார்த்தை என்றால் நான் விடுவேனா? பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டேன்.

கேட்டது என் தப்பு. சொன்னது அவர் தப்பு. எழுதுவது யார் தப்பு என்பது கடைசியில் வரும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கரிசலின் மேல் மேகம் அவிழ்ந்த கூந்தலாய்..." (அடித்துவிட்டேன். இந்தப் பக்கம் மேகத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ரோட்டில் காயப்போட்ட மக்காச்சோளத்தை அள்ளணுமா வேண்டாமா என்றுதான் பார்ப்பார்கள்.)

இரண்டாவது: "லிங்கராஜ் நல்லவர்." (இதை அடிக்கவில்லை. சங்கடமே அதுதான்.)

லிங்கராஜ் பி.ஏ. ஆங்கிலம். புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் கிளார்க். தினமும் பஸ்ஸில் போய்வருகிறார். கம்பெனியின் தலைமை ஆபீஸ் வேறு மாநிலத்தில். அங்கே தமிழ் செல்லாது. லீவு லெட்டர் முதற்கொண்டு எல்லாம் லிங்கராஜின் இங்கிலீஷில்தான் போகும்.

3

நடந்ததை மட்டும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

பொன்மணி அங்கே தையல் மிஷினில் இருந்தார். நீளமான முடி. கொண்டை போட்டு, ஊசி குத்தி, அதற்கு மேல் கம்பெனித் தொப்பி. ஒருநாள் தொப்பி சரியாக உட்காரவில்லை என்று சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். தொப்பியை எடுத்தார், ஊசியை உருவினார், கொண்டையை அவிழ்த்துவிட்டார். நாற்பது பேர் பார்க்க, முடி இடுப்புக்குக் கீழே விழுந்தது. "இம்புட்டையும் எங்கன ஒளிச்சு வச்சிருந்தே?" என்று சிரித்தார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

பொன்மணி எழுந்து, "என்ன மயித்துக்குய்யா என் கொண்டைல கை வச்சே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நேரே ஆபீசுக்கு வந்தார், விரிந்த முடியோடு.

"நடந்தத எழுதுங்க சார். மேல அனுப்புங்க" என்றார் லிங்கராஜிடம்.

"முடிய முடிஞ்சுக்கிட்டு உக்காரும்மா."

"நீங்க எழுதி அனுப்புங்க. அதுக்கப்புறம் முடிஞ்சுக்கிடுதேன்."

4

லிங்கராஜ் அகராதியைப் புரட்டினார். ஹேர்: முடி, மயிர், ரோமம். சரி, இதை எப்படி அவிழ்ப்பது? ட்ரெஸ் (tress): கூந்தல். சட்டை தைக்கிற கம்பெனியிலிருந்து, ட்ரெஸ்ஸை அவிழ்த்தார் என்று எழுதி, ஓர் எழுத்து மாறினால் கேஸே வேறாகிவிடும். லாக்: முடிக்கற்றை. ஆனால் அதற்கு முதல் அர்த்தம் பூட்டு. கடைசியில் ஒன்று கிடைத்தது. பன்: இனிப்பு ரொட்டி, கொண்டை.

"ஹி அன்டைட் ஹெர் பன்" என்று டைப் அடித்தார்.

சரியான வாக்கியம், அதில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் திரும்ப வாசித்தபோது, நூல் சுற்றிய பன் பொட்டலத்தை டீக்கடை வாசலில் எவனோ பிரிக்கிற மாதிரி இருந்தது. லிங்கராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே அந்தப் பெண் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்கிறார், இவர் சிரிக்கிறார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா."

நமக்கே சிரிப்பு வருகிறதே, மேலே வாசிக்கிற ஆபீசர் சிரித்தால் இந்தப் பொம்பளை மானம் என்னாவது என்று நினைத்தார். (நல்லவர் என்று சொன்னேன் அல்லவா?) அழித்தார். "ஹி டச்டு ஹெர் ஹேர்" என்று அடித்தார். முடியைத் தொட்டார். அவ்வளவுதான்.

பொன்மணி கேட்ட கேள்வியையும் விட்டுவிட்டார். ‘எந்த மயிருக்காக’ என்று இங்கிலீஷில் எழுதவா முடியும்? மரியாதையாக இருக்காது என்று பட்டது. (இங்கே மயிர் என்ற சொல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், ஒரு காலத்தில் கௌரவமாக வாழ்ந்த சொல் அது என்று. கிழித்துவிட்டேன். அன்றைக்கு அந்த ஆபீசில் பொன்மணியின் மரியாதை முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. அதைச் சொன்னால் போதும்.)

"நான் சொன்னத அப்படியே எழுதிட்டீங்களா சார்?"

"அப்படியே எழுதிட்டேம்மா."

பொன்மணி கையெழுத்துப் போட்டார். பிறகு இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையை முடிந்துகொண்டார்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. முடியைத் தொட்டது பாதுகாப்புக் கருதியே என்று தெரிகிறது, இருவரும் அனுசரித்துப் போகவும். மறுவாரம் பொன்மணி வேலையை விட்டு நின்றார்.

5

"முடிவையாவது மாத்தி எழுதுங்க அண்ணாச்சி" என்றார் லிங்கராஜ். எழுதிப் பார்த்தேன்.

லிங்கராஜ் இரண்டாவது கடிதம் எழுதுகிறார், அதில் பன் இருக்கிறது, தலைமை ஆபீசிலிருந்து ஆள் வந்து, அதே நாற்பது பேர் முன்னால் சூப்பர்வைசர்... (இது நடந்து ஐந்து வருஷமாகிறது. சூப்பர்வைசர் இப்போது மேனேஜர்.)

லிங்கராஜ் வேலையை உதறிவிட்டு... (உதறவில்லை. மகள் நர்சிங் படிக்கிறாள்.)

உண்மையில் நடந்தது இது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக லிங்கராஜ் கயத்தாறு போயிருந்தார். பஸ் நிறுத்தத்தில் பொன்மணி. அங்கேதான் அம்மா வீட்டில் இருந்துகொண்டு ஜாக்கெட் தைக்கிறாராம். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரே தேடி வந்து பேசினார்.

"நல்லா இருக்கீங்களா சார்? அன்னைக்கு நீங்க சரியாத்தான் எழுதுனீங்க. மேல உள்ளவியதான் மதிக்கல. என் பேச்ச அப்படியே எழுதுனது நீங்க ஒருத்தர்தான். வீட்டுலயும் சொல்லுவேன்."

எதையாவது கேட்க வேண்டுமே என்று லிங்கராஜ், "இப்பம் கொண்டை போடுததில்லயாம்மா?" என்றார்.

"சடைதான் சார். சடைன்னா அவுக்க நேரமாவும்லா."

அதற்குள் பஸ் வந்துவிட்டது அண்ணாச்சி, என்கிறார் லிங்கராஜ். கயத்தாறில் அந்த பஸ் ஐந்து நிமிஷம் நிற்கும். எனக்குத் தெரியும்.

6

"பேர மாத்திருங்க. அந்தப் பன்னையும் எடுத்துருங்க" என்றார் கடைசியாக. "அந்தம்மா வாசிச்சிருவாவ."

"வாசிக்கட்டுமே" என்றேன்.

வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெயர்களை மாற்றிவிட்டேன், ஊரையும் மாற்றிவிட்டேன். பன்னை எடுக்கவில்லை. அதை எடுத்தால் லிங்கராஜ் செய்ததையே நானும் செய்தவன் ஆவேன்.

முடி என்றால் தலையில் இருப்பது. முடி என்றால் கட்டு. முடி என்றால் நிறுத்து. மூன்றாவதை நான் செய்யப்போவதில்லை, எனக்கு அந்த உரிமை கிடையாது.

மிஷினை நிறுத்திவிட்டு இதை வாசிக்கிற அம்மா, நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கடிதத்தில் உங்கள் பேச்சு இல்லை. இருக்கிறது என்று அவர் பொய் சொன்னார். இங்கே மூன்றாம் பகுதியில் இருக்கிறது, ஒரு சொல் குறையாமல். அவரை மன்னிப்பதும், வீடு தேடிப்போய் அதே கேள்வியை அவரிடம் கேட்பதும் உங்கள் இஷ்டம். எழுதி அனுப்பிய பிறகுதான் முடிந்துகொள்வேன் என்று சொன்னீர்கள்.

இப்போதுதான் அனுப்புகிறோம்.