மாவீரன் கன்னத்தில் ஒரு நிறம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஆலயத்தில் தூங்கியபோது கிடைத்தது. பிரசங்கம் நீண்டது, மின்விசிறி தாலாட்டியது, கண் சொருகிவிட்டது. கனவில் ஒரு காமிக்ஸ் மாவீரன், முதுகில் சிவப்புத் துணி பறக்க, பாடகர் குழுவின் தலைக்கு மேலே மிதந்துபோனான். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. (காணிக்கைப் பை கொண்டுவந்தவர் மட்டும் அவனிடமும் நீட்டினார்.)

விழித்தபோது ஒரு பெண் மனதில் வந்து உட்கார்ந்திருந்தாள். காமிக்ஸ் பக்கங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவள்.

2

முதல் தொடக்கம்: 'அன்று வானம் நீலமாக...'

வேண்டாம். வண்ணக்காரியின் கதையில் வானத்துக்கு நான் நிறம் சொல்வது, கொல்லர் தெருவில் ஊசி விற்பது.

இரண்டாவது தொடக்கம்: அவள் கணவர் தீயணைப்பு வீரர். எரிகிற வீட்டிலிருந்து ஒருவரைத் தூக்கிவந்தபோது அவருடைய இடக்கன்னம் வெந்துபோனது. மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. ஞாயிறு ஆராதனைக்கும் இல்லை. "பிள்ளைங்க பயந்துக்கும்" என்பார். தினமும் களிம்பு தடவிவிடுவது அவள்தான். இவர் மறுபடி மனிதர் முன் வருவாரா என்பதுதான் அவளை அரிக்கும் கவலை.

இது நிற்கட்டும்.

3

அவள் கையிலிருந்த இதழில் மாவீரன் உயிரோடு திரும்புகிறான். போன இதழில் ஊருக்காகத் தீயில் விழுந்து செத்தவன். (காமிக்ஸ் மாவீரர்கள் இந்தக் காலத்துப் புராணம் என்று ஒரு கட்டுரை தொடங்கினேன், அடித்துவிட்டேன். யாராவது வந்து காப்பாற்ற மாட்டார்களா என்ற ஏக்கம் இருக்கும்வரை இவர்கள் பறந்துகொண்டுதான் இருப்பார்கள். அந்த ஏக்கத்தோடுதான் நானும் முழங்காலில் நிற்கிறேன்.)

முகத்தின் நிறத்தை அவள் எப்போதும் கண்ணளவில் கலப்பாள். பக்கங்களை அனுப்பியதும் இதழின் ஆசிரியர் போனில் குதித்தார்.

"என்னம்மா, ஹீரோ கன்னம் வெந்த மாதிரி இருக்கு?"

அவள் கணினித் திரையைப் பார்த்தாள். எல்லாப் பக்கத்திலும் இடக்கன்னத்தில் அதே இளஞ்சிவப்பு. களிம்பு தடவித் தடவி, முகம் என்றால் இப்படித்தான் என்று கண் பழகிவிட்டிருந்தது.

"கை தவறிடுச்சு சார். மாத்திடறேன்."

"செத்து எழுந்தவன் புத்தம்புதுசா இருக்கணும்மா. இல்லன்னா எவன் நம்புவான்?"

அழிக்கப்போன கையை அவள் எடுத்துக்கொண்டாள்.

"எங்க ஆண்டவர் எழுந்தப்போ காயம் அப்படியேதான் இருந்துச்சு சார். அதை வெச்சுத்தான் அவர்னு நம்பினாங்க."*

(இங்கே அவளுக்கு ஒரு நீண்ட வசனம் எழுதினேன். பிரசங்கமாகிவிட்டது, எனக்கே தூக்கம் வந்தது.)

"சாயங்காலம் வரைக்கும் யோசி," என்று போனை வைத்தார்.

* காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற அந்தச் சந்தேகக்காரச் சீடனை எனக்குப் பிடிக்கும். மாசுமருவில்லாத ஒருவர் வந்து நின்றிருந்தால், போய்யா என்றிருப்பான்.

4

முடிவு ஒன்று: ஆசிரியர் மனம் மாறுகிறார், இதழ் சக்கைப்போடு போடுகிறது. நம்ப மாட்டீர்கள்.

முடிவு இரண்டு: அவள் கன்னத்தைச் சரிசெய்து அனுப்புகிறாள். நம்புவீர்கள். அதுதான் எனக்குப் பயம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் ஒரு பக்கத்தை அச்செடுத்து அறைக்குள் கொண்டுபோகிறாள். ஜன்னல் திரை இழுத்து மூடியிருக்கிறது. அந்த மங்கலில் கட்டில், மேசை, அவர் எல்லாமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் தெரிகிறது. அவர் படத்தை வெகுநேரம் பார்க்கிறார். தன் கன்னத்தைத் தொட்டுவிட்டு, மாவீரன் கன்னத்தைத் தொடுகிறார்.

"இது யாரு, நானா?"

"தெரியாமப் போட்டுட்டேங்க. அழிக்கச் சொல்றாங்க. அழிச்சுடட்டுமா?"

அவர் மெல்ல எழுந்து, ஜன்னல் திரையை

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். முகம் அவருடையது.

ஆனால் நான் தூங்கிய அந்த பெஞ்சில் இன்னொருவர் உட்கார இடமிருக்கிறது. வரும் ஞாயிறு ஒருவர் தயங்கித் தயங்கி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், நிமிர்ந்து அவர் முகத்தைப் பாருங்கள். நகர்ந்து மட்டும் போய்விடாதீர்கள்.